வள்ளுவர் காலடியில் செத்த மீன்கள்

பதினெட்டு ஆண்டுகள்! அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1991ல் திறந்திருக்க வேண்டிய சிலை. எதிர்ப்பு, வழக்கு, பயம், அரசியல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் கலைஞர் கருணாநிதி வந்து, முதல்வர் எடியூரப்பா உடன் நிற்க, திரை விலகியது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இரண்டு மொழி பேசும் உழைப்பாளிகளும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது நம் வெற்றி. அதில் ஐயமில்லை.

ஆனால் தோழர்களே, அந்த விழா முடிந்து ஏழாண்டுகள்கூட ஆகவில்லை. 2016 மார்ச் 7ஆம் நாள் காலையில் அதே ஏரியில், அதே வள்ளுவர் பார்த்துக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கான மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. கரையோரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மக்கள் கூடினார்கள். செய்தித்தாள்கள் படம் பிடித்தன. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஊழியர்கள் செத்த மீனை வாரி வண்டியில் ஏற்றினார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள்.

நாமும் மறந்துபோனோம். சிலைக்காக ஊர்வலம் போன நாம், சிலையின் காலடியில் கிடந்த நீருக்காக ஒரு தீர்மானமாவது போட்டோமா? கடவுளுக்கு அடுத்தபடியாக மழையை வைத்து நூல் செய்தவர் அவர். அவரைச் சாக்கடையின் கரையில் நிறுத்திவிட்டு மாலை போடுவது என்ன மரியாதை? மீனுக்கு வாக்குச் சீட்டு இல்லை. ஆகவே அதற்காகப் பேச ஆளில்லை. இந்த இதழ் பேசுகிறது. ஏனென்றால் அந்த மீன் செத்த கதை நம் வீட்டு அடுப்பங்கரையில் தொடங்குகிறது. நம் சொந்த ஊர் ஆற்றங்கரையில் போய் முடிகிறது.

மீனைக் கொன்றது யார்?

வெயில் கொன்றது என்றார்கள். பாதி உண்மை. மார்ச் வெயிலில் நீர் சூடேறும். சூடான நீரில் உயிர்வளி குறைவாகத்தான் கரையும். ஆனால் வெயில் நேற்று முளைத்ததா? கண்டோன்மென்ட் வந்த நாளிலிருந்து, அதற்கு முன்பிருந்தும், அல்சூர் ஏரிமேல் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்போதெல்லாம் சாகாத மீன் இப்போது ஏன் சாகிறது?

விடை எளிது. மழைநீர் ஓடவேண்டிய கால்வாய்களில் வீட்டுக் கழிவு ஓடுகிறது. ஜெயமகால் முதலாக நம் பகுதிக் கால்வாய்கள் அந்த ஏரியை நோக்கிச் சரிகின்றன. கழிவில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை எல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. மிச்சம் இல்லாத நீரில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடிச் சாகிறது. நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாவு!

இதைச் சொன்னால் வடிகால் வாரியத்துக் கனவான்கள் உடனே ஒரு மந்திரச் சொல்லை எடுத்து நீட்டுவார்கள்: ‘சுத்திகரிப்பு’. ‘ஆலைகள் கட்டிவிட்டோம். இன்னும் கட்டுகிறோம். கழிவெல்லாம் சுத்திகரிக்கப்பட்டு விட்டால் பிரச்சினை தீர்ந்தது’ என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். இந்தத் தலையாட்டலைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறோம். ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலை கட்டாயம் வேண்டும். ஆனால் ஆலையிலிருந்து வெளியே வருவது நீர்தானா என்று கேட்க வேண்டும். யாரைக் கேட்பது? மீனைக் கேட்போம்!

பாதிச் சுத்தம், முழுப் பெருமை

ஆலையில் என்ன நடக்கிறது? முதலில் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், கல், மண் நிற்கும். பிறகு பெரிய தொட்டியில் நீரைத் தேக்கி, கனமான அழுக்கை அடியில் படிய விடுவார்கள். இது முதல் நிலை. அடுத்து, தொட்டிக்குள் காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்ன வைப்பார்கள். இது இரண்டாம் நிலை. நீரின் கறுப்பு நிறம் போய்விடும். நாற்றம் பெருமளவு குறைந்துவிடும். இந்த இடத்தில் பல ஆலைகள் கையைத் தட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. கண்ணாடிக் குவளையில் பிடித்து அமைச்சருக்குக் காட்டலாம். படம் எடுக்கலாம்.

ஆனால் நம் மூத்திரத்தில் இருந்த தழைச்சத்து எங்கே போயிற்று? துணி சோப்புத் தூளிலிருந்தும் மலத்திலிருந்தும் வந்த மணிச்சத்து எங்கே போயிற்று? அவற்றை நீக்குவதற்கென்று தனி ஏற்பாடு செய்தாலொழிய, பெரும்பகுதி அந்தத் ‘தெளிந்த’ நீரிலேயே இருக்கும். யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் என்ன வேலை செய்யும் என்று தர்மபுரியிலும் வட ஆற்காட்டிலும் உழுது பிழைத்துவிட்டு இங்கே கட்டட வேலைக்கு வந்த நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். வயலில் போட்டால் நெல் வளரும். ஏரியில் போட்டால்? பாசி வளரும். ஆகாயத்தாமரை வளரும். பச்சைப் பாய் விரித்ததுபோல் ஏரியை மூடிவிடும்.

பாசி பகலில் வெளிச்சத்தைத் தின்று உயிர்வளியை வெளிவிடும். மதியம் அதிகாரி வந்து அளந்தால் கணக்கு நன்றாகவே இருக்கும். இரவில் அதே பாசி உயிர்வளியை உள்ளே இழுக்கும். செத்து விழுந்த பாசி அழுகும்போது இன்னும் இழுக்கும். விடியற்காலை நான்கு ஐந்து மணிக்கு நீரில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிக்கும் நேரம் அதுதான். ஏரி மீன் எப்போதும் காலையில் செத்து மிதப்பதைக் கண்டவர்கள் இதன் காரணத்தை இப்போது புரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் அளக்க எந்த அதிகாரி எழுந்து வருகிறார்?

அம்மோனியா என்று ஒன்று உண்டு. கழிப்பறையில் மூக்கை எரிக்குமே, அதுதான். காற்றை நீண்ட நேரம் ஊதினால் ஆலையிலேயே அதை மாற்றிவிடலாம். மின்சாரச் செலவுக்குக் கணக்குப் பார்த்து ஊதுகுழலை நிறுத்தி வைத்தால், அது அப்படியே ஏரிக்கு வரும். பாசி பெருத்த ஏரியில் மதிய நேரத்தில் நீரின் காரத்தன்மை ஏறும். ஏறும்போது அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடும். அது மீனின் செவுளை அரிக்கும். ஆக, பகலில் நஞ்சு, இரவில் மூச்சடைப்பு. நடுவே மீன் எப்போது வாழ்வது?

கிருமியைக் கொல்லக் கடைசியில் குளோரின் கலப்பதும் உண்டு. நல்லதுதான். ஆனால் மிச்சக் குளோரினை நீக்காமல் விட்டால் அதுவே மீனுக்கு எமன். நீர்த்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு மீன்குஞ்சு வளர்த்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனை கொடுமையிலும் சில மீன்கள் பிழைக்கின்றன. நீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால், கெளுத்தி வகைகள். எதையும் தாங்கும் ஜிலேபிக் கெண்டை. ஏரியில் மீன் துள்ளுவதைக் காட்டி ‘பார், நீர் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். எந்த மீன் என்று கேளுங்கள். குடிசையில் எஞ்சியவன் உயிரோடு இருக்கிறான் என்பதால் குடிசை மாளிகை ஆகிவிடுமா?

மீனுக்கு ஓர் அட்டவணை, ஆலைக்கு ஓர் அட்டவணை

இந்த நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயனுக்கேற்ப வகுத்து வைத்திருக்கிறது. மீன் வளர்ப்புக்கும் காட்டுயிர்க்கும் உரிய நீர் ‘டி’ வகை. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாத உயிர்வளி வேண்டும். நச்சு அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்ல அட்டவணை.

இப்போது ஆலைக்கு எழுதிய அட்டவணையைப் பாருங்கள். 2015ல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அதில் அழுக்கின் அளவைக் காட்டும் பி.ஓ.டி. 10க்குள் இருக்க வேண்டும், தழைச்சத்துக்கும் அம்மோனியாவுக்கும் வரம்பு வேண்டும் என்று இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிப்பில் என்ன ஆயிற்று? பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 20, மற்ற ஊர்களுக்கு 30. தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் அம்மோனியாவுக்கும் வரம்பே இல்லை! மீனைக் கொல்வது எதுவோ அது அட்டவணையிலிருந்தே காணாமல் போய்விட்டது. திருடனின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதிய முதல் தகவல் அறிக்கைபோல!

வழக்கு நடந்தது. 2019 ஏப்ரல் 30ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தளர்வை ஏற்க மறுத்தது. பெருநகரங்களில் பி.ஓ.டி. 10, மொத்தத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 மில்லிகிராம் என்று நிபுணர் குழு சொன்ன வரம்புகளை ஏற்றுக் கட்டளையிட்டது. பெங்களூருவிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் இந்த அளவை எட்டியது எது, எட்டாதது எது? ஆலை வாரியாகக் கணக்கை நம் தெருவில் ஒட்டட்டும். அதைத்தான் கேட்கிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வாசகர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1993ல் சேர்த்த பொதுத் தர அட்டவணையில் ஒரு சோதனை எழுதப்பட்டிருக்கிறது. வேறு நீர் கலக்காத கழிவுநீரில் மீனை விட வேண்டும். 96 மணி நேரம், அதாவது நான்கு முழு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருந்தால்தான் அந்த நீர் தேறியது. படிக்காத பாட்டிக்கும் விளங்கும் சோதனை! எந்த ஆய்வுக்கூடமும் எந்த ஆங்கில அறிக்கையும் தேவையில்லை. தொட்டியைப் பார்த்தால் போதும், மீன் சொல்லிவிடும்.

சட்டப் புத்தகத்தில் முப்பது ஆண்டுக்கு மேலாக இருக்கும் இந்தச் சோதனை, வீட்டுக் கழிவு ஆலைகளுக்கென்று 2017ல் எழுதிய அட்டவணையில் இல்லை. ஏன் இல்லை? எண்ணைத் திருத்தலாம். அறிக்கையைத் திருத்தலாம். செத்த மீனைத் திருத்த முடியாது. அதனால்தானா?

நம் தண்ணீர் எங்கே போகிறது?

‘அல்சூர் ஏரியோடு போகட்டும், நமக்கென்ன?’ என்று கேட்பவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

சிவாஜிநகர்ச் சந்தில் நம் வீட்டுப் பெண்கள் அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், குழந்தையைக் குளிப்பாட்டிய நீர் எங்கே போகிறது? அல்சூர்ப் பக்கம் சரிந்து, சள்ளகட்டா பள்ளத்தாக்கில் இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அங்கிருந்து? ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை. பிறகு கிருஷ்ணகிரி அணை. பிறகு சாத்தனூர் அணை. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து கடலூரில் கடல்.

வழியில் உள்ள ஊர்ப் பெயர்களை மறுபடி படியுங்கள். அவை யாருடைய ஊர்கள்? கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், தண்டராம்பட்டு, திருக்கோவிலூர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூட்டை முடிச்சோடு நாம் கிளம்பும் ஊர்கள் அல்லவா? நாம் பஸ்ஸில் போகிறோம். நாம் கழித்த நீர் நமக்கு முன்பே ஆற்றில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அண்ணன் அங்கே அந்த நீரில் பயிர் செய்கிறான். மாமன் அந்த அணையில் வலை வீசுகிறான்.

பெல்லந்தூர் ஏரி நுரை கக்கியதையும், 2015லும் 2017லும் 2018லும் தீப்பற்றி எரிந்ததையும் உலகமே பார்த்தது. 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் இழப்பீடு விதித்தது. ஆனால் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது பொங்கி எழும் நுரையை எத்தனை பேர் பார்த்தார்கள்? ஓசூர்ப் பக்கத்து உழவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். துணி சோப்பின் நுரைக்குணம் முழுதாகச் சிதையாமல் ஆற்றில் வந்து, உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலந்து மலைபோல் எழுகிறது. அது சோப்பு நுரை மட்டுமல்ல தோழர்களே. ஒரு மாநகரம் தன் வேலையைப் பாதியில் விட்டதற்கான சாட்சி.

ஒரு கொடிய வேடிக்கையைக் கவனியுங்கள். பெங்களூரு குடிப்பது காவிரி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறந்து, நாளொன்றுக்கு மேலும் 775 மில்லியன் லிட்டர் கொண்டுவர வழி செய்தார்கள். வீட்டுக்கு வரும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நகரின் கிழக்குச் சரிவில் விழும் கழிவு பெண்ணையாறு வழியாகத் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது.

எந்தக் காவிரி நீருக்காக 1991 டிசம்பரில் நம் குடிசைகளைக் கொளுத்தினார்களோ, எந்தக் காவிரி நீருக்காக 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கண்ட வண்டியை எல்லாம் எரித்தார்களோ, அதே காவிரி நீர் குளித்து, துவைத்து, கழுவிய பின் யாருடைய அனுமதியும் கேட்காமல் எல்லை தாண்டிப் போகிறது. நல்ல நீர் தர டி.எம்.சி. கணக்குப் பார்க்கும் ஆளவந்தார்கள், கழிவுநீரை மட்டும் தாராளமாக வழங்குகிறார்கள். என்னே பெருந்தன்மை!

இதைப் படித்து யாரும் கன்னடச் சகோதரர்மேல் கோபம் கொள்ள வேண்டாம். வர்த்தூர்க் கரையில் நுரைக்கு நடுவே வாழும் உழவர் கன்னடர்தான். மேற்குச் சரிவின் கழிவு விருஷபாவதியில் ஓடி, அர்க்காவதியில் கலந்து, காவிரியில் சேரும் வழியெல்லாம் நாற்றத்தை முகர்பவரும் கன்னடர்தான். நம்மவர் மட்டும் யோக்கியரா? சென்னையின் கூவத்தையும் அடையாற்றையும் யார் கொன்றார்கள்? நொய்யலுக்குச் சாயம் பூசியது யார்? மொழி பேசாத மீனைக் கொல்வதில் எல்லா அரசுகளும் ஒரே மொழிதான் பேசுகின்றன.

கிழக்கே கோலாரிலும் இதே கதை. தங்க வயலில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் மாண்ட தமிழர் வரலாறு நமக்குத் தெரியும். 2001ல் சுரங்கம் மூடியது. இன்றும் நம் உறவு அங்கே இருக்கிறது. 2018 முதல் கோரமங்களா-சள்ளகட்டா திட்டத்தில் பெங்களூருவின் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நீரைக் குழாயில் கொண்டுபோய்க் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்புகிறார்கள். தொடங்கிய சில வாரங்களிலேயே, 2018 சூலையில், லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. உயர்நீதிமன்றம் தற்காலிகமாகத் தடுத்தது. பிறகு மறுபடி ஓடியது. வறண்ட கிணறுகளில் நீர் ஏறியதென்று கோலார் உழவர் மகிழ்வதை நாம் குறை சொல்லவில்லை. காய்ந்த வாய்க்குத்தான் நீரின் அருமை தெரியும். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்று அறிவியலாளர்கள் கேட்டார்களே, அதைத்தான் நாமும் கேட்கிறோம். பசித்தவனுக்குச் சோறு போடுகிறேன் என்று பாதி வெந்ததைப் போடலாமா?

அவர்கள் சொல்லும் சாக்குகள்

முதல் சாக்கு: ‘இரண்டாம் நிலை போதும். வெளிநாட்டிலும் அப்படித்தான்.’ வெளிநாட்டுக் கதையையே சொல்வோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி. சுற்றியிருந்த ஊர்கள் இரண்டாம் நிலை ஆலைகள் வைத்து, சுத்திகரித்த நீரைத்தான் ஏரியில் விட்டன. 1955ல் ஏரியில் கெட்ட பாசி பிடித்தது. நீர் கலங்கியது. எட்மண்ட்சன் என்ற அறிவியலாளர், காரணம் அந்தச் சுத்திகரித்த நீரிலுள்ள மணிச்சத்துதான் என்று எடுத்துக் காட்டினார். 1958ல் மக்கள் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். 1963 முதல் 1968 வரை அந்தக் கழிவு முழுவதையும் ஏரியிலிருந்து திருப்பினார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. 1972ல் அமெரிக்காவும் கனடாவும் தங்கள் பேரேரிகளுக்காக உடன்படிக்கை செய்து, பெரிய ஆலைகளுக்கு மணிச்சத்து வரம்பு 1 மில்லிகிராம் என்று வைத்தன. நம் தீர்ப்பாயம் 2019ல் சொன்னதும் அதே 1. நாற்பத்தேழு ஆண்டு தாமதமாக வந்த அந்த எண்ணைக்கூட நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்க நாதியில்லையா?

அங்கேயும் வேலை முடிந்துவிடவில்லை. இங்கிலாந்து ஆறுகளில் ஆலைகளுக்குக் கீழே வாழும் ஆண் மீன்களின் உடலில் முட்டை உருவாகியிருப்பதை 1998ல் வெளியான ஆய்வு காட்டியது. மனித உடலிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் வரும் பெண்மைச் சுரப்புப் பொருள்கள் ஆலையைத் தாண்டி ஆற்றுக்குப் போனதுதான் காரணம். கண்ணுக்குத் தெளிந்த நீர். குலமே மாறிப்போகும் மீன்.

இரண்டாம் சாக்கு: ‘சேரிவாசிகள்தான் சாக்கடையை அசுத்தம் செய்கிறார்கள்.’ கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பழி! சந்துக்குப் பாதாளச் சாக்கடை இணைப்புத் தராதது யார்? மழைக்கால்வாயில் கழிவுக்குழாயைத் திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது யார்? நாளுக்கு நாலு குடம் நீரில் குடும்பம் நடத்துபவர் எவ்வளவு கழிவு தருவார்? நீச்சல்குளமும் துணி துவைக்கும் எந்திரமும் வைத்த அடுக்குமாடி எவ்வளவு தரும்? நீரை அதிகம் குடிப்பவரே அதிகம் கழிக்கிறார். இது சாதாரணக் கணக்கு.

மூன்றாம் சாக்கு: ‘பணம் இல்லை.’ மேம்பாலத்துக்கு இருக்கும் பணம், சுரங்கப் பாதைக்கு இருக்கும் பணம், இதற்கு மட்டும் இல்லையா? நீரை நூறு கிலோமீட்டர் மேலே தூக்கிவரத் தெரிந்தவர்களுக்கு, அதைச் சுத்தமாகக் கீழே அனுப்ப மட்டும் தெரியாதா?

அதே மூச்சடைப்பு

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. அடுக்குமாடிகளில் சொந்த ஆலை வைக்கச் சட்டம் இருக்கிறது. பல இடங்களில் அது அடித்தளத்தில் ஓர் இருட்டுத் தொட்டி. ஊதுகுழல் நின்று, சேறு சேர்ந்து, விஷக் காற்று தங்கும். அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? 2018 சனவரியில் சோமசுந்தரபாளையாவில் ஓர் அடுக்குமாடியின் ஆலைத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். 2013ல் வந்த தடைச் சட்டம் ஏட்டில் கிடந்தது. மனிதன் தொட்டிக்குள் கிடந்தான்.

எண்ணிப் பாருங்கள். காற்று ஊதாத தொட்டியில் மனிதன் மூச்சடைத்துச் சாகிறான். அந்தத் தொட்டியின் நீர் போய்ச் சேரும் ஏரியில் மீன் மூச்சடைத்துச் சாகிறது. இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றே: செலவை மிச்சம் பிடிக்கும் ஒருவனின் கணக்கு. மீனைக் காப்பாற்றும் ஆலைதான் தொழிலாளியையும் காப்பாற்றும். ஆகவே இதைப் பணக்காரரின் பொழுதுபோக்கு என்றோ, காலையில் ஏரியைச் சுற்றி நடப்பவரின் கவலை என்றோ ஒதுக்காதீர்கள். இது உழைப்பவன் பிரச்சினை.

நாம் கேட்பது

சங்கங்களும் மன்றங்களும் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் நடத்தட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே மேடையில் இந்தக் கோரிக்கைகளையும் வைக்கட்டும்.

ஒன்று: ஒவ்வொரு கழிவுநீர் ஆலை வாயிலிலும் கண்ணாடித் தொட்டி வேண்டும். ஆலை வெளியேற்றும் நீர், வேறு நீர் கலக்காமல், அதில் ஓட வேண்டும். மாதந்தோறும் நான்கு நாள் மீன் சோதனை, பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும்.

இரண்டு: தொட்டி மீன் பிழைத்தால் மட்டும் போதாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மெல்லக் கொல்லும் நஞ்சு. நான்கு நாளில் தெரியாது. ஆகவே 2019ஆம் ஆண்டுக் கட்டளையின் வரம்புகளை ஆலை வாரியாக நடைமுறைப்படுத்தி, அளவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் பலகையில் எழுத வேண்டும். ஏரியின் உயிர்வளியை விடியற்காலையில் அளக்க வேண்டும்.

மூன்று: சிவாஜிநகரின் ஒவ்வொரு சந்துக்கும் கழிவுக்குழாய் இணைப்பு. மழைக்கால்வாயில் மழை மட்டுமே ஓட வேண்டும்.

நான்கு: எந்தத் தொட்டிக்குள்ளும் மனிதன் இறங்கக் கூடாது. இறக்கியவன் சிறைக்குப் போக வேண்டும்.

ஐந்து: கெலவரப்பள்ளியில் இரண்டு மாநில அதிகாரிகளும் உழவர், மீனவர் பிரதிநிதிகளும் சேர்ந்து நீரை அளக்க வேண்டும். மீன் செத்தால் வலை வீசுபவனுக்கு இழப்பீடு தர வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. மிச்ச மாத்திரையைக் கழிப்பறையில் போடாதீர்கள். இறைச்சிக் கழிவையும் பூசைக் குப்பையையும் கால்வாயில் கொட்டாதீர்கள். நுரை நிறைய வந்தால்தான் துணி வெளுக்கும் என்பது விளம்பரக்காரன் சொன்ன பொய், அளவாகப் போடுங்கள். ஆனால் ஒன்று: நம் ஒரு சிட்டிகை சோப்புத் தூளைக் காட்டி, கோடி மக்கள் நகரின் பொறுப்பை ஆள்வோர் தட்டிக் கழிக்க விடாதீர்கள்.

தண்டு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் தேருக்கும் ஒன்றாகக் கூடும் மக்கள் நாம். ரம்சான் கஞ்சியைப் பகிர்ந்து குடிக்கும் தெரு நம்முடையது. ஒரு ஞாயிறு காலை, விடியுமுன், எல்லோரும் அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்து போவோம். மாலையும் முழக்கமும் வேண்டாம். நீரைப் பார்ப்போம். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதா என்று பார்ப்போம். பிளந்தால், அது யாரிடம் மூச்சுக் கேட்கிறது என்று நமக்கு விளங்கும்.

சிலையைத் திறக்கப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தோம். நீர் திறக்க இன்னொரு பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க மீனுக்கு நேரமில்லை. பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நேரமில்லை.

மீன் வாழும் நீரே நீர்! மற்றதெல்லாம் கழிவே!